மீன் தொட்டி ஃபில்டர் மீடியா: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

ஃபில்டருக்குள் போடவென்று விற்கப்படும் பொருட்களில் (மீடியா என்பது இவற்றைத்தான்) பாதி தேவையே இல்லை. மீதியிலும் பாதி, எப்போதாவது தேவைப்படுபவை. நன்னீர்த் தொட்டி வைத்திருப்பவர் ஒரு மீடியாவை எடைபோட மூன்று கேள்விகள் போதும்: தண்ணீர் அதன் வழியே தடையில்லாமல் போகிறதா, எத்தனை நாளில் அடைக்கிறது, அடைத்தால் கழுவ முடிகிறதா. டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் பரப்பளவு கணக்குக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதல் மதிப்பெண் சாதாரண ஸ்பாஞ்சுக்குத்தான். அழுக்கைப் பிடிப்பது, மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்கு இடம் கொடுப்பது என்று இரண்டு வேலையையும் அதுவே செய்துவிடுகிறது. வாங்கும்போது பிபிஐ எண்ணைப் பாருங்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை துளை என்பதுதான் அது. 20 பிபிஐ கரடுமுரடானது, பெரிய கழிவைத் தடுக்கும். 30 பிபிஐ பொதுவான வேலைக்குச் சரி. 45 பிபிஐ தண்ணீரைப் பளிச்சென்று ஆக்கும், ஆனால் சீக்கிரம் அடைத்து ஓட்டத்தைப் பாதியாக்கிவிடும். ஒரே ஒரு ஸ்பாஞ்சுதான் போட முடியும் என்றால் 30. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டிப் போடுவது ஆபத்து. பூஞ்சை வராமலிருக்க மருந்து ஏற்றியவை அவற்றில் உண்டு.

ஸ்பாஞ்சைக் கழுவும் விதத்தில்தான் பல தொட்டிகள் கெடுகின்றன. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வாட்டர் சேஞ்சுக்காக எடுத்த தொட்டித் தண்ணீரை ஒரு பக்கெட்டில் வைத்து, அதிலேயே முக்கிப் பிழியுங்கள். கட்டியாக வரும் பழுப்புச் சேறு நின்று, கலங்கல் மட்டும் வரத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். புதுசு போல் வெளுக்க வேண்டியதில்லை. வெளுத்துவிட்டால் அளவுக்கு மீறிக் கழுவியிருக்கிறீர்கள். இரண்டு ஸ்பாஞ்சு இருந்தால் ஒரு தடவைக்கு ஒன்று. பிழிந்துவிட்டால் பழைய வடிவத்துக்கு எழும்பாமல் தொய்ந்து கிடக்கிறது என்றால்தான் மாற்றும் காலம். அப்போதும் பாதியை வெட்டி எடுத்துப் புதுத்துண்டு வைத்து, சில வாரம் கழித்து மறுபாதியை மாற்றுங்கள்.

இந்தக் காரணத்தாலேயே, மாதத்துக்கொரு முறை தூக்கிப்போடச் சொல்லும் கார்ட்ரிட்ஜ் வகைகள் எங்கள் மதிப்பீட்டில் கடைசி. மெல்லிய துணிக்குள் ஒரு கைப்பிடி கார்பன், அதாவது கரித்துகள். அதைத் தூக்கி எறியும்போது கூடவே பாக்டீரியா கூட்டமும் போய்விடுகிறது. அடுத்த சில நாளில் அம்மோனியா ஏறும், புது மீனைக் குறை சொல்வார்கள். அதே இடத்தில் அளவுக்கு வெட்டிய ஸ்பாஞ்சைச் செருகினால் விஷயம் முடிந்தது.

ஃபில்டர் ஃப்ளாஸ், அதாவது வெள்ளைப் பஞ்சு, நல்ல பொருள்தான். மெல்லிய ஒரே அடுக்கு, ஸ்பாஞ்சுக்குப் பின்னால். கழுவிப் பயன்படுத்த முயல வேண்டாம், பழுப்பேறியதும் எறியுங்கள்.

இனி பயோ மீடியா, அதாவது பாக்டீரியா குடியேறவென்றே விற்கும் பொருட்கள். செராமிக் ரிங், சின்டர்ட் கிளாஸ் (சூட்டில் ஒட்டவைத்த கண்ணாடித்துகள்), பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்), பிளாஸ்டிக் என்று வகை நிறைய. சீகெம் மேட்ரிக்ஸ் என்பது பியூமிஸ் வகைக் கல். ஒரு லிட்டரில் 700 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு இருப்பதாக நிறுவனம் சொல்கிறது. மீன் பண்ணைகளில் புழங்கும் கே1 என்ற சிறு பிளாஸ்டிக் சக்கரங்களுக்குக் கொடுக்கப்படும் கணக்கோ, ஒரு கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பாதுகாக்கப்பட்ட பரப்பு. லிட்டருக்கு அரை சதுர மீட்டர்தான். காகிதத்தில் மேட்ரிக்ஸ் 1,400 மடங்கு மேல். நடைமுறையில் அப்படி ஒரு வித்தியாசம் கிடையாது. பாக்டீரியா ஒன்றின் அளவே சுமார் ஒரு மைக்ரான். அது தனியாக இருப்பதில்லை, வழவழப்பான படலமாகப் படர்கிறது. நுண்துளையின் வாயை அந்தப் படலமே மூடிவிடும். உள்ளே ஆக்சிஜன் போகாத இடத்தில் அம்மோனியாவை உடைக்கும் வேலை நடக்காது. வெளித்தோலும் அதையொட்டிய பெரிய துளைகளும்தான் கணக்கில் சேரும்.

அதற்காக மேட்ரிக்ஸ் மோசம் என்று அர்த்தமில்லை. பொடியாக உதிராது, மாற்ற வேண்டியதில்லை, கழுவ எளிது. லேபிள்படி 200 லிட்டர் தொட்டிக்கு 500 மில்லி. ஸ்பாஞ்சு நன்றாக இருக்கும் தொட்டியில் அதற்குமேல் அள்ளிக் கொட்டுவதால் தண்ணீர் கூடுதலாகச் சுத்தமாகாது. பாக்டீரியாவின் எண்ணிக்கையை நிர்ணயிப்பது கிடைக்கும் அம்மோனியா, இடம் அல்ல. ‘உள்துளைகளில் நைட்ரேட்டும் குறையும்’ என்ற வாக்குறுதியை நம்பி வாட்டர் சேஞ்சைத் தள்ளிப்போட வேண்டாம். ஈஹைம் நிறுவனத்தின் சப்ஸ்ட்ராட் ப்ரோ உருண்டை வடிவம் என்பதால் இடைவெளி விட்டு அமரும், ஓட்டம் தடைபடாது. நெரிசலான கேனிஸ்டருக்கு (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) நல்ல தேர்வு. பெரிய துளையுள்ள வழுவழுப்பான செராமிக் ரிங்குகள் தண்ணீரைப் பரப்பிவிடத்தான் உதவும், பயோ மீடியா என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம். பயோ பால் என்ற பிளாஸ்டிக் உருண்டை, மேலிருந்து தண்ணீர் சொட்டும் டிரிக்கிள் ஃபில்டருக்காக வந்தது, நீரில் மூழ்கிய சின்ன கேனிஸ்டரில் அது வெறும் இடத்தை அடைக்கும். சோப்பு ஏற்றாத பிளாஸ்டிக் நார் ஸ்க்ரப்பர் இருக்கிறதே, சம்ப் (ஃபில்டராகப் பயன்படும் தனித் தொட்டி) வைத்திருப்பவர்களுக்கு அது தாராளம்.

எந்த பயோ மீடியாவானாலும் ஸ்பாஞ்சுக்குப் பின்தான் வர வேண்டும். முன்னால் வைத்தால் சேறு படிந்து தோல் மூடிவிடும். பெரும்பாலான கேனிஸ்டர்களில் தண்ணீர் அடிக்குப் போய் மேலே ஏறும். ஆகவே அடித் தட்டில் 20 பிபிஐ, நடுவில் 30 பிபிஐ, மேல் தட்டில் பயோ மீடியா, அதன் தலையில் ஃப்ளாஸ். சில மாடல்களில் ஓட்டம் தலைகீழ். சந்தேகமிருந்தால் அடுத்த முறை திறக்கும்போது எந்தத் தட்டில் சேறு அதிகம் என்று பாருங்கள்; தண்ணீர் அங்கேதான் முதலில் நுழைகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் ஓட்ட வேகம் பெரும்பாலும் மீடியா இல்லாமல் அளந்தது. மணிக்குத் தொட்டிக் கொள்ளளவின் நாலைந்து மடங்கு உண்மையில் கிடைக்க வேண்டுமென்றால், அதைவிடக் கூடுதலாக எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

ரசாயன மீடியாவில் கார்பன் பற்றிய தவறான நம்பிக்கைதான் அதிகம். மருந்தின் மிச்சம், மரக்கட்டையிலிருந்து இறங்கும் மஞ்சள் நிறம், நாற்றம், குளோரின் ஆகியவற்றை அது இழுக்கும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நைட்ரேட்டையும் தொடாது. மருந்து போடும்போது வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்து மீனுக்குப் போகாது. சிகிச்சை முடிந்ததும் மூன்று நான்கு வாரம் வைத்து, பிறகு எறிந்துவிடலாம். நிரந்தரமாக ஒரு தட்டை இதற்கு ஒதுக்குவது வீண்.

அந்த மஞ்சள் நிறத்துக்கு நிரந்தரத் தீர்வு வேண்டும் என்பவருக்கு ப்யூரிஜென். கரிமக் கழிவைப் பிடிக்கும் செயற்கை பாலிமர் மணிகள் அவை. 100 மில்லி 400 லிட்டர் வரை தாங்கும். மிகச் சிறியவை என்பதால் நுண்ணிய வலைப்பை அவசியம், சாதாரண மீடியா பையிலிருந்து ஒழுகிவிடும். வெள்ளையாக இருந்தது காபி நிறத்துக்கு வந்ததும் புதுப்பிக்கலாம்: வாசனை சேர்க்காத ப்ளீச்சும் தண்ணீரும் சமபங்கு, உலோகமில்லாத பாத்திரம், காற்றோட்டமான இடம், 24 மணி நேரம். நன்றாக அலசி, குளோரினை நீக்கும் டிகுளோரினேட்டரைத் தாராளமாகக் கலந்த தண்ணீரில் 8 மணி நேரம். மோந்து பார்த்தால் ப்ளீச் வாடை துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் இன்னொரு முறை ஊற வையுங்கள், அவசரத்தில் திருப்பிப் போட்டால் தொட்டி காலி. மீனின் வழவழப்புத் தோலுக்கென்று விற்கும் சில கண்டிஷனர்கள் ப்யூரிஜெனில் ஒட்டிக்கொண்டு, பிறகு ப்ளீச்சுக்கும் விடாது.

ஜியோலைட் என்ற கனிமக் கல் அம்மோனியாவைப் பிடிக்கும் என்பது உண்மை. உப்பு பட்டால் பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டுவிடும் என்பதும் அதே அளவு உண்மை. உப்புத் தண்ணீரில் ஊற வைத்துத்தான் அதைப் புதுப்பிக்கிறோம். மீனுக்கு நோய் என்று தொட்டியில் உப்பைப் போடுபவர் ஃபில்டரில் ஜியோலைட் இருப்பதை மறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. புதுத் தொட்டியில் போட்டால் பாக்டீரியாவுக்குச் சேர வேண்டிய தீனியையும் அதுவே எடுத்துக்கொள்ளும், சைக்கிள் (பாக்டீரியா பெருகி நிலைபெறுவது) இழுத்துக்கொண்டே போகும். மீன் வாங்கி வரும் பயணத்துக்கும் சில நாள் தனிமைத் தொட்டிக்கும் மட்டும் சிபாரிசு.

மீடியா எவ்வளவு உயர்ந்ததானாலும் வேலை செய்கிறதா என்று சொல்வது டெஸ்ட் கிட் மட்டுமே. ஸ்ட்ரிப்பைவிடத் திரவ கிட் மேல். ஏபிஐ ஃப்ரெஷ்வாட்டர் மாஸ்டர் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் உண்டு. கேஎச் (தண்ணீரிலுள்ள கார்பனேட்டின் அளவு) பார்க்கத் தனியாக வாங்க வேண்டும். இதில் நைட்ரேட்டின் இரண்டாம் பாட்டில் வம்பு பிடித்தது. மருந்து அடியில் கெட்டியாகிவிடும். 30 வினாடி நன்றாகக் குலுக்காமல் சொட்டினால் தண்ணீர் மஞ்சளாகவே நின்று, நைட்ரேட் பூஜ்யம் என்று பொய் சொல்லும். சொட்டிய பிறகு குழாயையும் ஒரு நிமிடம் குலுக்கி, 5 நிமிடம் கழித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் ஓடும், செடியில்லாத தொட்டியில் பூஜ்யம் வந்தால் முதலில் குலுக்கலைச் சந்தேகப்படுங்கள்.

புதுத் தொட்டி சைக்கிள் ஆகப் பொதுவாக 4 முதல் 6 வாரம். 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் மீன் விடலாம். பிறகு மிஞ்சுவது நைட்ரேட், அதற்கு வாட்டர் சேஞ்ச். கணக்கு எளிது: வாரம் 10 பிபிஎம் ஏறும் தொட்டியில் வாரம் 25 சதவீதம் மாற்றினால், மாற்றுவதற்கு முன்னுள்ள அளவு கடைசியில் 40 பிபிஎம்மில் நிற்கும். 50 சதவீதம் மாற்றினால் 20இல் நிற்கும். 40ஐத் தாண்ட விடாதீர்கள், 20 நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் மட்டும் என்றால் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் அப்படிப் போகாது. டிகுளோரினேட்டர் அதை உடைக்கும்போது அம்மோனியா வெளிவரும் என்பதால், அதையும் கட்டும் வகையைப் பார்த்து வாங்குங்கள்.

பலரும் அளக்காமல் விடுவது கேஎச். அம்மோனியா நைட்ரேட்டாகும்போது அமிலம் உருவாகி, தண்ணீரின் கார்பனேட்டைத் தின்கிறது: ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான அளவு. வாட்டர் சேஞ்ச் குறைந்த பழைய தொட்டியில் கேஎச் தீர்ந்ததும் பிஎச் சரசரவென்று 6க்குக் கீழே போகும், பாக்டீரியா ஏறக்குறைய நின்றுவிடும். அம்மோனியா சேரும், ஆனால் அந்த பிஎச்சில் கிட்டத்தட்ட முழுவதும் நச்சுக் குறைந்த அம்மோனியமாகவே இருப்பதால் மீன் சாதாரணமாக நீந்தும். ஒரு நாள் தொட்டிக்காரர் பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை மாற்றுகிறார். பிஎச் 8க்குப் போகிறது, 25 டிகிரி செல்சியஸில் மொத்த அம்மோனியாவில் 5 சதவீதத்துக்கு மேல் நச்சு வடிவத்துக்கு மாறுகிறது. பிஎச் 7இல் அது அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான். காலையில் மீன்கள் மிதக்கும், ‘தண்ணீர் மாற்றியதால் செத்தது’ என்று முடிவு கட்டுவார்கள். இப்படிப்பட்ட தொட்டியில் தினமும் 10 சதவீதம் என்று மெதுவாகப் போக வேண்டும். கேஎச் ஏற்ற 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா ஒரு டிகிரி கேஎச் தரும்; ஒரு நாளைக்கு அதற்குமேல் வேண்டாம். மென்னீரிலேயே எப்போதும் ஓட்டுபவர்கள் ஒரு கைப்பிடி உடைத்த பவளத்தை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டுவிடலாம். இந்தப் பட்டியலில் நாங்கள் தயங்காமல் சிபாரிசு செய்யும் ஒரே ரசாயன மீடியா அதுதான். கார்டினல், டிஸ்கஸ் போல அமில நீர் கேட்கும் மீன்களுக்கு மட்டும் விலக்கு.

கேனிஸ்டர் வைத்திருப்பவர்கள் மின்வெட்டை மறக்கக் கூடாது. மூடிய பெட்டிக்குள் தண்ணீர் நின்றுவிட்டால் பாக்டீரியா இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மடியத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடி அந்தக் கெட்ட தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளும். சில மணி நேரத்துக்குமேல் நின்றிருந்தால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மின்சாரம் வந்தபின் திறந்து மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள், அடுத்த ஒரு வாரம் தீனியைப் பாதியாக்கி அம்மோனியாவைத் தினமும் பாருங்கள். மின்வெட்டு வாடிக்கையான இடத்தில் கேனிஸ்டரோடு பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும் ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டரும் கூடுதலாக இருக்கட்டும்.