ஹட்டனில் ஒரு வருமான வரி உதவி நிலையம்: 2024/2025 விபரத்திரட்டைச் சமர்ப்பித்த அனுபவம்

நோர்வூட்டில் ஆசிரியராகப் பணியாற்றும் எனக்கு, வருமான வரி என்பது கொழும்பில் பெரிய சம்பளம் வாங்குவோருக்குரிய விடயம் என்ற எண்ணமே நெடுங்காலம் இருந்தது. மாதச் சம்பளம் ஒரு இலட்சத்தைத் தாண்டாதவரை வரி இல்லை என்று ஆசிரியர் ஓய்வறையில் எல்லோரும் சொல்வதை நானும் அப்படியே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை பாதி மட்டுமே சரியானது என்பதை விளக்கிச் சொன்ன ஓர் இடத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஹட்டன் நகரில், பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இயங்கும் சிறிய வருமான வரி உதவி நிலையம் அது. விளம்பரம் வேண்டாம் என்று அதை நடத்தும் பெண்மணி கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

அங்கு போவதற்கு முந்திய ஆண்டு நான் வேறொருவரிடம் சென்றிருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. அடையாள அட்டையின் பிரதியையும் சம்பளச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, மறுநாள் வந்து பணத்தைக் கட்டுமாறு மட்டும் சொன்னார். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையச் சேவைக்குரிய எனது இரகசிய இலக்கம் அவரிடமே இருந்தது. பதிவிலிருந்த மின்னஞ்சல் முகவரியும் அவருடையதே. நிலையான வைப்பின் வட்டியை அவர் விபரத்திரட்டில், அதாவது ஆண்டு வருமானத்தைத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் படிவத்தில், சேர்க்கவே இல்லை என்பதும், திணைக்களம் எனக்கு எதை அனுப்பினாலும் அது அவருக்கே போய்ச் சேரும் என்பதும் ஓராண்டு கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. ஆகவே, ஹட்டன் நிலையத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதற் கேள்வியே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: “சேர், உங்கட இரகசிய இலக்கம் யாரிட்ட இருக்கு?” கணக்கைத் தொடுவதற்கு முன்பே, தொடர்பு விபரங்கள் எனது சொந்தக் கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் மாற்றப்பட்டன; இரகசிய இலக்கமும் மாற்றப்பட்டது. புதிய இலக்கத்தை நான் தட்டும்போது நிலையத்தை நடத்தும் பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிறிய செயல்தான் என்றாலும், இந்த நிலையத்தைப் பற்றிய எனது மதிப்பீட்டில் பெரும்பங்கு அதற்கே உரியது.

அடுத்து, சம்பளத்தில் வரி கழிக்கப்படாத நான் எதற்காக விபரத்திரட்டு நிரப்ப வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எனது வருமானங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னார். மாதம் 90,000 ரூபாய் வீதம் சம்பளம் ஆண்டுக்கு 1,080,000 ரூபாய். கொட்டகலையிலுள்ள எனது வீட்டை மாதம் 30,000 ரூபாவுக்கு வாடகைக்கு விட்டிருப்பதால் அதில் 360,000 ரூபாய். வங்கி வைப்பின் வட்டி 200,000 ரூபாய். சம்பளம் கொடுப்பவர் மாதாந்தம் கழிக்கும் முற்பண தனிநபர் வருமான வரி சம்பளத்தை மட்டுமே பார்க்கிறது. அந்த ஆண்டில் அதன் எல்லை மாதம் ஒரு இலட்சம் ரூபாய். ஆனால் சட்டம் பார்ப்பதோ ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரையிலான ஆண்டில் ஒருவருக்கு எல்லா வழிகளிலும் கிடைத்த மொத்த வருமானத்தை. ஓய்வறையில் நாங்கள் பேசிக்கொண்டதில் விடுபட்டுப் போன பாதி இதுதான்.

கணக்கையும் அவர் என் கையாலேயே போடச் செய்தார். வாடகையில் 25 வீதத்தைப் பழுதுபார்ப்பு, பராமரிப்பு ஆகியவற்றின் பேரில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. பற்றுச்சீட்டு சேர்த்து வைக்காத என்னைப் போன்றவர்களுக்கு அது ஆறுதலான ஏற்பாடு. அவ்வாறு கழித்தபின் வாடகை 270,000 ரூபாய் ஆகிறது. எல்லாம் சேர்ந்து 1,550,000 ரூபாய். அதிலிருந்து தனிநபர் நிவாரணமான, அதாவது வரி விதிக்காமல் விடப்படும் தொகையான 1,200,000 ரூபாயைக் கழித்தால் மிஞ்சுவது 350,000 ரூபாய். முதல் 500,000 ரூபாவுக்கு 6 வீதம் என்பதால் எனது வரி 21,000 ரூபாய்.

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டேன். நிவாரணம் 18 இலட்சமாக உயர்ந்துவிட்டதாகச் செய்தியில் கேட்டிருந்தேன். நானறிந்த பலர் வழுக்குகிற இடமும் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1,800,000 ரூபாய் நிவாரணம் 2025 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய ஆண்டுக்கு உரியது. 2025 நவம்பர் 30க்குள் சமர்ப்பிக்க வேண்டியிருந்த விபரத்திரட்டோ 2025 மார்ச் 31 அன்று முடிந்த ஆண்டைப் பற்றியது. அதற்குப் பழைய 1,200,000 ரூபாய்தான் பொருந்தும். படிவத்தை நிரப்பும் நாளில் எந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது என்பதல்ல, வருமானம் கிடைத்த ஆண்டில் எது நடைமுறையில் இருந்தது என்பதே கேள்வி. வரி வீதங்களின் படிநிலையும் இவ்வாறே மாறியிருக்கிறது: முன்னர் 6, 12, 18, 24, 30 வீதங்கள் ஒவ்வொன்றும் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு இருந்து, அதற்குமேல் 36 வீதமாக இருந்தன, 2025 ஏப்ரலுக்குப் பின்னர் முதற் பத்து இலட்சத்துக்கும் 6 வீதம், அடுத்த ஐந்து இலட்சத்துக்கு 18 வீதம் என்று போகிறது, 12 வீதப் படி இல்லை. என் வருமானம் மாறாமல் அப்படியே இருக்குமானால் 2025/2026 ஆண்டுக்கு எனக்கு வரியே வராது என்பதையும் அவர் அதே தாளின் மறுபக்கத்தில் காட்டினார்.

வங்கி ஏற்கெனவே வட்டியில் வரியைப் பிடித்துக்கொண்டதே, அதோடு அந்தக் கணக்கு முடிந்துவிடாதா என்பது எனது அடுத்த ஐயம். முடிவதில்லை. 2023 ஜனவரி முதல் வங்கிகள் வட்டியில் பிடித்த 5 வீதம் ஒரு முற்பணமே. வட்டி முழுவதையும் வருமானத்தில் சேர்த்து வரியைக் கணித்த பின்னரே அந்த முற்பணத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். எனக்கு 10,000 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தது. 21,000இல் அது போக, நான் செலுத்த வேண்டியிருந்தது 11,000 ரூபாய். இதற்கு வங்கியின் வட்டிச் சான்றிதழ் கட்டாயம் தேவை; வங்கிப் புத்தகத்தின் பிரதி போதாது. 2025 ஏப்ரலிலிருந்து பிடிக்கப்படும் வீதம் 10 ஆகிவிட்டது. ஆண்டு வருமானம் 1,800,000 ரூபாவைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனம் ஒன்றைக் கொடுத்தால் வட்டியில் வரி பிடிக்கப்படாமல் தவிர்த்துக்கொள்ளலாம். அதை நிரப்பும் முறையையும் அவர் கட்டணம் எதுவும் கேட்காமல் சொல்லிக் கொடுத்தார். நான் மறுவாரமே எனது வங்கிக் கிளையில் அதைக் கொடுத்துவிட்டேன்.

திகதிகள் பற்றியும் ஒரு சொல். விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 வரை காலம் இருக்கிறது என்பதால் பணத்துக்கும் அதுவரை காலம் உண்டு என்று நினைத்திருந்தேன். மீதி வரியைச் செலுத்தும் இறுதி நாள் செப்டெம்பர் 30. அதற்கும் முன்பாக ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் காலாண்டுத் தவணைகள் இருக்கின்றன. அவற்றைத் தவறவிட்டதற்கான வட்டியை நான் ஏற்கத்தான் வேண்டும் என்பதை அவர் மறைக்காமல் சொன்னார். முந்திய ஆண்டில் விடுபட்ட வட்டி வருமானத்தைச் சேர்த்துத் திருத்திய விபரத்திரட்டைக் கொடுக்குமாறும் அறிவுறுத்தினார். கேட்கக் கசப்பாக இருந்தாலும், இதைச் சொல்லாமல் விடுபவரிடம் நான் இனி ஒருபோதும் செல்ல மாட்டேன்.

சொத்து, பொறுப்புக் கூற்று என்ற பகுதிதான் மலையகத்தில் வாழ்பவர்களுக்கு அதிக மனக்கலக்கத்தைத் தருவது. மார்ச் 31 அன்று கையில் இருந்த காணி, வீடு, வாகனம், வங்கி மீதி, நகை, கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். மனைவியின் நகையை எனது கூற்றில் எழுதுவதா என்று கேட்டேன். கணவனும் மனைவியும் வரிக்குத் தனித்தனி ஆட்கள், அவரவர் சொத்து அவரவருக்கு என்றார். அடகு வைத்த நகை என்றால், நகை சொத்துப் பக்கத்திலும் அடகுக் கடன் பொறுப்புப் பக்கத்திலும் வர வேண்டும்; மீட்கும்வரை நகை தனதில்லை என்று எண்ணி இரண்டையும் விட்டுவிடுபவர்கள் அதிகமாம். அன்று எனக்கு முன்னால் அமர்ந்திருந்த தோட்ட உத்தியோகத்தர் ஒருவர், மூன்று தலைமுறையாகத் தன் குடும்பம் குடியிருக்கும் லயன் வீட்டைச் சொத்தாகக் காட்டலாமா என்று கேட்டார். அதற்கு உறுதி (உரிமைப் பத்திரம்) இருக்கிறதா என்று பெண்மணி திருப்பிக் கேட்டார். உத்தியோகத்தர் இல்லை என்றார். உறுதி கிடைத்த ஏழு பேர்ச்சஸ் காணி என்றால் எழுதலாம், தோட்டத்துக்குரிய லயன் அறையை எழுத முடியாது என்று மிகவும் மென்மையாகவே சொன்னார். அந்த மனிதர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அவரை அவசரப்படுத்தாமல் அடுத்த பத்தியைப் பிறகு பார்க்கலாம் என்று பெண்மணி காத்திருந்ததை நான் கவனித்தேன்.

காத்திருந்த நேரத்தில் வேறு பலரின் கேள்விகளையும் கேட்க நேர்ந்தது. அரச ஓய்வூதியத்துக்கு வரி இல்லை, ஆனால் அதைச் சேமித்து வைத்த வைப்பின் வட்டி வருமானமே என்று ஓய்வுபெற்ற அதிபர் ஒருவருக்குச் சொல்லப்பட்டது. அவருடைய வட்டி நிவாரணத்துக்குள் அடங்கியதால், வங்கி பிடித்த தொகையைத் திருப்பிக் கேட்கும் வழி காட்டப்பட்டது. வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணினி வேலை செய்யும் ஓர் இளைஞருக்கு, வங்கி வழியாக வெளிநாட்டு நாணயத்தில் வந்த அந்த வருமானம் 2025 மார்ச் 31 வரை விலக்களிக்கப்பட்டிருந்தது, அதன்பின் அதிகபட்சம் 15 வீத வரிக்கு உட்படும் என்று விளக்கினார். கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர், வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுத்தால் தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தோடு வந்திருந்தார். அப்போதைய நாட்சம்பளம் 1,350 ரூபாய் வீதம் 25 நாள் வேலை செய்தாலும் மாதம் 33,750 ரூபாய்தான், வரி தொடங்கும் எல்லைக்கு அது மிகத் தொலைவில் இருக்கிறது, இலக்கம் வேறு வரி வேறு என்று அவருக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டியதோடு, இலக்கத்துக்கான பதிவையும் இலவசமாகவே செய்து கொடுத்தார்.

குறைகளும் உண்டு. முதல் நாள் தொலைபேசியில் கேட்டபோது என்னென்ன ஆவணங்கள் தேவை என்று முழுமையாகச் சொல்லப்படவில்லை. வட்டிச் சான்றிதழுக்காக நான் நோர்வூட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் வர வேண்டியதாயிற்று. பேருந்துச் செலவோடு ஒரு நாள் லீவும் போயிற்று. அமர்வதற்கு நான்கு கதிரைகள்தான். அதைவிட முக்கியமாக, ஒருவர் தம் வருமானத்தைச் சொல்வது பக்கத்திலிருப்பவர் காதில் விழுகிறது. மேலே நான் எழுதியவற்றை நான் கேட்க முடிந்ததே அதற்குச் சான்று. ஒரு தடுப்புப் பலகையாவது வைக்க வேண்டும் என்று அவரிடம் நேரிலேயே சொன்னேன், ஏற்றுக்கொண்டார். எனக்கு 3,500 ரூபாய் கட்டணம் பெறப்பட்டது. பற்றுச்சீட்டைக் கேட்டுத்தான் வாங்கினேன். கேட்காமலே கொடுக்கப்பட வேண்டியது அது.

விபரத்திரட்டைச் சமர்ப்பிக்கும் இறுதிப் பொத்தானை அழுத்தியது நான்தான். அதற்குமுன் ஒவ்வொரு தொகையையும் தாளிலுள்ள கணக்கோடு ஒப்பிட்டு வாசிக்கச் செய்தார். ஏற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை அச்சிட்டு, வட்டிச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தத்தின் பிரதி, பணம் செலுத்திய சீட்டு ஆகியவற்றோடு ஒரே கோப்பில் போட்டுக் கொடுத்தார். பிறகு ஏதாவது ஐயம் எழுந்தால் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்தை நேரடியாக அழைக்கலாம் என்றும் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை நெரிசல் அதிகம், வாரநாட்களில் காலை நேரமே நல்லது. அடையாள அட்டை, வரி செலுத்துநர் இலக்கம், சம்பளம் கொடுப்பவரின் ஆண்டுச் சான்றிதழ், ஒவ்வொரு வங்கியிடமிருந்தும் வட்டிச் சான்றிதழ், வாடகை இருந்தால் அதன் ஒப்பந்தம், மார்ச் 31 அன்றைய கணக்கு மீதிகள் ஆகியவற்றோடு செல்லுங்கள். செப்டெம்பர் முடிவதற்கு முன்பே செல்லுங்கள். அடுத்த விபரத்திரட்டை நானே நிரப்பி, சரிபார்க்க மட்டும் அவரிடம் கொண்டுபோக எண்ணியிருக்கிறேன். அவரிடம் அதைச் சொன்னபோது, அந்தக் கணக்குத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்து, 2025/2026 ஆண்டுக்குரிய தொகைகளை எழுத வேண்டிய இடங்களைப் பென்சிலால் கோடிட்டுக் கொடுத்தார்.