சின்னவளை அக்காவாக்கிய கேமரா

போன வாரம் கேமரா ரிப்பேரிலிருந்து திரும்பி வந்தது. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் குட்டி செல்லை மாற்றியாயிற்று. அதைப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவர், "அக்கா, வீட்ல அடுத்த மாசம் டெலிவரி. குழந்தையப் படம் எடுக்க ஒரு கேமரா வாங்கலாமா, போனே போதுமா?" என்று கேட்டார். டீ ஆறும்வரை பதில் சொன்னேன். அப்போதும் கோபம் தீரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார், கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் பழைய பாணி டிஎஸ்எல்ஆர். 2015-இல் பெரியவள் பிறந்ததும் வாங்கியது. கூட வந்த ஜூம் லென்ஸ் பீரோவில் தூங்குகிறது. 35 எம்எம், எஃப் 1.8 என்ற, கம்மி வெளிச்சத்திலும் எடுக்கும் லென்ஸ்தான் எப்போதும் மாட்டியிருக்கும். மற்ற விவரங்களைப் பலரும் எழுதிவிட்டார்கள். யாரும் எழுதாதது, ஒவ்வொரு படத்தோடும் கேமரா பதிந்துவைக்கும் தேதி.

மூன்று வருடம் போல ஒழுங்காக ஓடியது. அப்புறம், சார்ஜ் போட பேட்டரியைக் கழற்றினால் போதும், திரும்பப் போடும்போது கேமராவுக்கு எல்லாம் மறந்துபோயிருக்கும். 2014 ஜனவரி 1, நள்ளிரவு பன்னிரண்டு மணி. விஷயம் எளிமையானதுதான்: பெரிய பேட்டரி வெளியே இருக்கும் நேரத்தில் கடிகாரத்தை ஓட்ட உள்ளே ஒரு சின்ன ரீசார்ஜ் செல் இருக்கிறது. பெரிய பேட்டரியிடமிருந்தே அது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அது செத்தால் கடிகாரமும் நிற்கும். நாமே கழற்றி மாற்ற முடியாதபடி அதைப் போர்டில் பற்றவைத்திருக்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் "போர்டையே மாத்தணும்" என்று சொன்ன தொகைக்கு ஒரு நல்ல போன் வாங்கியிருக்கலாம். வருடக்கணக்கில் அப்படியே ஓட்டிவிட்டு, இப்போதுதான் சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு சின்னக் கடையில் புது செல்லைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள்.

"ஒவ்வொரு தடவையும் தேதியை செட் பண்ணிக்க வேண்டியதுதானே" என்பார் வீட்டுக்காரர். படம் எடுக்காதவர்கள் சுலபமாகச் சொல்லிவிடலாம். குழந்தை முதல்முறையாகக் கையை விட்டுவிட்டு நிற்கிறாள். நான் மெனுவுக்குள் போய் வருடம், மாதம், நிமிடம் என்று திருகிக்கொண்டிருக்கவா? மூலையில் கடிகாரப் படம் மினுக்கிக்கொண்டிருக்கும், ஆனாலும் கேமரா படம் எடுக்கும். எடுத்தேன்.

விளைவு இதுதான். சின்னவள் பிறந்தது 2018-இல். அவளுடைய கைக்குழந்தைப் படங்கள் எல்லாவற்றிலும் 2014 ஜனவரி. பெரியவளின் முதல் படம் 2015. கணினியின் கணக்கில் சின்னவள்தான் அக்கா! பெரியவளின் சட்டைகளையே சின்னவளும் போட்டு வளர்ந்ததால், படங்களை ஆள்வாரியாகப் பிரிக்கும் செயலியும் இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. ஒவ்வொரு புத்தாண்டு காலையிலும் போன், "பல வருடங்களுக்கு முன் இதே நாளில்" என்று கம்பி மத்தாப்பு, கொலு, ஸ்கூல் ஆண்டு விழா, மொட்டைத் தலை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டும்.

பூவைப் படம் எடுப்பவருக்குத் தேதி தப்பானால் நஷ்டமில்லை. வளரும் குழந்தையின் படத்தில் பாதி விஷயமே தேதிதான். கவிழ்ந்து படுத்தது நாலாவது மாதமா, ஐந்தாவதா என்று மாமியாரும் அம்மாவும் இன்னும் வாதாடுகிறார்கள். சாட்சி சொல்ல வேண்டிய கேமரா பேசாமல் இருக்கிறது.

தேதியைத் திருத்த எக்ஸிஃப்டூல் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. நூறு படங்களின் நேரத்தையும் ஒரே கட்டளையில் நகர்த்திவிடும். ஆனால் எல்லாப் படமும் ஒரே அளவு தப்பாக இருந்தால்தான் அந்த ஒரே கட்டளை. இங்கே ஒவ்வொரு சார்ஜுக்கும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது, தப்பின் அளவும் மாறுகிறது. ஒரு நல்ல விஷயம், ஒரு சார்ஜுக்குள் எடுத்த படங்களின் இடைவெளி சரியாகவே இருக்கும். அந்தத் தொகுப்பில் ஒரே ஒரு படத்தின் நிஜமான நேரம் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வரும். அந்த ஒரு படத்தைத் தேடுவதுதான் வேலை. சுவரில் தினசரி காலண்டர் தெரிந்தால் கொண்டாட்டம், யாராவது ஒழுங்காகத் தாள் கிழித்திருந்தால். எங்கள் வீட்டில் மாமியார் ஐந்து நாளை ஒரே மூச்சில் கிழிப்பவர். முன்னால் கீழ்ப்பல் விழுந்திருக்கிறதா, யூனிஃபார்ம் எந்த வகுப்புடையது என்றெல்லாம் பார்ப்பேன். ஊரடங்கு காலத்துப் படங்களில் அதுவும் கிடையாது: அதே ஹால், அதே பனியன், பள்ளிக்கூடமே இல்லை.

கடைசியில் காப்பாற்றியது வாட்ஸ்அப். அது அனுப்பும் படங்களில் எடுத்த தேதியை அழித்துவிடும் என்று நாமெல்லாம் திட்டுவோம். ஆனால் ஆண்ட்ராய்டு போனில் வந்து சேர்ந்த நாளைக் கோப்பின் பெயரிலேயே போட்டுவிடுகிறது. நல்ல படத்தை அன்றைக்கு ராத்திரியே குடும்பக் குரூப்பில் போடுவது என் வழக்கம். நாத்தனார் தன் போனில் எதையும் அழிக்காதவர். அவருடைய போனை ஒரு வாரம் கடன் வாங்கி உட்கார்ந்ததில் பாதிக்கு மேல் வரிசைக்கு வந்துவிட்டது. மீதிக்கு விடிவு இல்லை.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. போனை நீட்டினால் என் பெண்கள் இரண்டு பேரும் உடனே இரண்டு விரலைக் காட்டிச் சிரிப்பார்கள், அடுத்த நொடி "காட்டு காட்டு" என்று ஓடி வருவார்கள், அதற்கடுத்த நொடி போன் அவர்கள் கையில் கேமாக மாறியிருக்கும். இந்தக் கறுப்பு டப்பாவில் அவர்களுக்கு ஒரு சுவாரசியமும் இல்லை. அம்மா எதையோ முகத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார்கள். அப்புறம்தான் படமே ஆரம்பிக்கும்: ஜடை பின்னும்போது முகத்தைச் சுளிப்பது, ஒரே தட்டில் அப்பளத்துக்குச் சண்டை, தாத்தாவின் மூக்குக் கண்ணாடி. 35 எம்எம் லென்ஸில் ஜூம் இல்லாததால் நாமும் தரையில் உட்கார்ந்து, அவர்கள் உயரத்துக்கு இறங்கியே எடுக்க வேண்டும். முழங்கால் வலிக்கும். படம் நன்றாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் வைத்த பழைய டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஓடும் குழந்தையை உறையவைக்க ஷட்டர் திறக்கும் நேரத்தை 1/250 நொடியில் வைத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மஞ்சள் படிந்தும் வரும். 1/100-இல் வைத்தால் நிறம் சரியாகும், குழந்தை கலங்கிவிடும். மலிவான எல்இடி பல்புகள் சிலவற்றிலும் இதே தொல்லை. புது மாடல்களில் இதற்குத் தனி வசதி வந்துவிட்டது, என்னுடையதில் இல்லை. நான் சாயங்காலம் நாலு மணிக்கு பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக்கொள்கிறேன்.

சரி, அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன்? போனே போதும் என்றேன். போனுக்குத் தேதி தெரியும். குழந்தை வளர்ப்பதற்கு நடுவே இன்னொரு மெஷினின் ஞாபகசக்தியையும் பார்த்துக்கொள்ள முடியாது. அவர் கேட்கவில்லை, பழைய கேமரா விலை நன்றாக இறங்கிவிட்டதாம். அப்படியானால் ஒன்று செய்யுங்கள். வாங்குமுன் தேதியைச் சரியாக வைத்து, பேட்டரியைக் கழற்றி, கால் மணி நேரம் மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். தேதி பழைய காலத்துக்குப் போயிருந்தால், "அது செட் பண்ணிக்கலாம் சார்" என்று விற்பவர் சொல்வார். அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

என்னுடையதைக் கேட்காதீர்கள். விற்பதற்கில்லை.