சுங்கை சிப்புட்டில் அக்காவின் வியாபாரக் கணக்கு

இந்த முறை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பர்ஸை வெளியே எடுக்கும் வேலையே குறைந்துவிட்டது. தோசைக் கடை, பூக்கடை என்று எங்கும் போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் டூயிட்நவ் கியூஆர். ஆனால் அக்காவின் கல்யாணச் சமையல் தொழிலுக்குப் பாதிப் பணம் இன்னும் ரொக்கமாகத்தான் வருகிறது. வம்பும் அதில்தான் வந்தது.

பேங்க் கணக்குத் திறந்தபோது வீட்டில் பலகாரம் செய்து விற்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாணம் எனப் பெரிய ஆர்டர்கள். கட்டுக்கட்டாக ரொக்கம் போட்டு, மறுநாளே மளிகைக்கும் ஆட்டிறைச்சிக்காரருக்கும் அனுப்பிவிடுவார். மோசடிக் கும்பலுக்குக் கணக்கை வாடகைக்கு விடுபவர்களின் பணமும் இப்படித்தான் வந்த வேகத்தில் போகும். பேங்க் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அக்கா எந்தக் காலத்தில் மின்னஞ்சல் பார்த்தார்? ஆன்லைனில் பணம் அனுப்ப முடியாமல் போன பிறகுதான் விஷயமே தெரிந்தது.

பக்கத்துக் கடை மாமா, "துண்டு துண்டா போடும்மா, கேக்க மாட்டானுங்க" என்றார். அதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. ஒரே நாளில் ரொக்கம் 25,000 ரிங்கிட்டைத் தொட்டால் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு அறிக்கை போகும். 2019க்கு முன் இந்த வரம்பு 50,000. நேர்மையான வியாபாரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பல தடவையாகப் போட்டாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். வேண்டுமென்றே பிரித்துப் போடுவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

கிளையில் இருந்த மலாய்ப் பெண் பொறுமைசாலி. ஆனால், என்ன சந்தேகம் என்று கேட்டால் சிரிப்புதான் பதில். சந்தேக அறிக்கை போயிருந்தாலும் வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லக் கூடாது என்கிறது 2001ஆம் ஆண்டின் அம்லா எனும் பணமோசடித் தடுப்புச் சட்டம். சரி, அதை விட்டுவிடலாம். ஒரு போன் செய்து பில் கேட்பதை எந்தச் சட்டம் தடுக்கிறது?

அக்காவிடம் இருந்தது ஒரு 555 நோட்டு, கடைக்காரர்கள் கணக்கெழுதும் சின்னக் குறிப்பேடு. நெய்க்கறை படிந்த பக்கங்களில் முன்பணம், பாக்கி, எத்தனை இலை, எல்லாம் தேதியோடு. அந்தப் பெண் பக்கம் பக்கமாகப் புரட்டி, கணக்கு அறிக்கையில் இருந்த தொகைகளோடு பென்சிலால் ஒத்துப் பார்த்தார். அப்புறம் எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தில் தொழிலைப் பதிந்த சான்று, சப்ளையர் பில்கள், கோயில் கமிட்டியின் ஆர்டர் கடிதம் எல்லாம் கேட்டார். தொழில் விவரத்தையும் கேட்டரிங் என்று மாற்றிக் கொடுத்தோம்.

கணக்கு பழையபடி ஓடத் தொடங்கிவிட்டது. ஆட்டிறைச்சிக்காரர் மட்டும், இனி ரொக்கம் தந்தால்தான் கறி என்று சொல்லிவிட்டார்.