மைலா, பாயின்ட்டா, கேஷ்பேக்கா?

கிரெடிட் கார்டு தரும் பலன் மூன்று உருவத்தில் வருகிறது. வங்கியும் ஒரு விமான நிறுவனமும் சேர்ந்து தரும், அந்த நிறுவனத்தின் மைல் (டிக்கெட்டுக்கு ஈடாகக் கொடுக்கும் புள்ளி) சேரும் கோ-பிராண்ட் கார்டு. வங்கியின் சொந்தப் பாயின்ட்டைச் சேர்த்து, வேண்டும்போது பல நிறுவனங்களுக்கு மாற்றிக்கொள்ளும் கார்டு. நேரே பணமாகத் திரும்பும் கேஷ்பேக் கார்டு. என் ஓட்டு நடுவில் உள்ளதற்கு. பில்லை மாதாமாதம் முழுதாகக் கட்டாதவருக்கு மூன்றுமே வேண்டாம். கட்டுகிற வட்டிக்கு 2 சதவீதப் பாயின்ட் எந்த மூலைக்கு?

கேஷ்பேக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எப்போதாவது விமானம் ஏறுபவருக்கு அதுவே போதும். மற்ற இரண்டையும் அளக்க அதுதான் படிக்கல்லும்கூட. அளப்பது எளிது: டிக்கெட் விலையில், மைல் கொடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியைக் கழித்து, கேட்கும் மைலால் வகுக்க வேண்டும். விலை 600, வரி 90, மைல் 30,000 என்றால் ஒரு மைலுக்கு 0.017. செலவில் ஒன்றுக்கு ஒரு மைல் தரும் கார்டில் இது 1.7 சதவீதம்தான், 2 சதவீத கேஷ்பேக்கிடம் தோற்றுவிட்டது. பிசினஸ் கிளாஸ் இருக்கை ஒன்று விலை 1,900, வரி 150, மைல் 50,000 என்று வந்தால் 3.5 சதவீதம். ஆனால் அந்த 1,900-ஐக் கையிலிருந்து கொடுத்து நீங்கள் வாங்கவே மாட்டீர்கள் என்றால், 3.5 என்பது ஏட்டுச் சுரைக்காய். வரி என்ற பெயரில் நிறுவனமே சேர்க்கும் கூடுதல் கட்டணமும் உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸின் நீண்ட தூரப் பயணங்களில் அது நன்றாகவே கடிக்கும். முன்பதிவின் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்த தொகையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, மைலை விடப் பாயின்ட் ஏன் மேல்? சேர்த்தது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். மைலின் விலையை நிர்ணயிப்பது நிறுவனம். அமெரிக்க நிறுவனங்களான டெல்டா 2015-லும், யுனைடெட் 2019-லும் இந்த ஊருக்கு இத்தனை மைல் என்ற பட்டியலையே எடுத்துவிட்டன. அதன்பின் கிராக்கியைப் பொறுத்து மைல் கூடும், குறையும். அந்தக் கணக்கில் மைலைக் குவித்தவருக்கு வேறு வழியில்லை. பாயின்ட் வங்கியிலேயே இருந்தால் அடுத்த கதவைத் தட்டலாம். ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் விமானம் ஒன்றில் அதே இருக்கைக்கு யுனைடெட் ஒரு கணக்கும், ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளான் வேறு கணக்கும் கேட்கும். காலாவதியும் இருக்கிறது: சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு 36 மாதம்தான் ஆயுள். அந்தக் கடிகாரம் மைல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும்.

மாற்றிய பாயின்ட் திரும்பி வராது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 25 சதவீதம் கூடுதல் என்று சலுகை வந்ததும் மொத்தத்தையும் தள்ளிவிட்டு, பிறகு இருக்கை தேடுவது தலைகீழ் வேலை. முதலில் இருக்கை. கூட்டாளி நிறுவனத்தின் தளத்தில் காலி என்று காட்டி, எடுக்கப்போனால் பிழை வரும் 'பேய் இருக்கை'களும் உண்டு. அதனால் பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்க்கவும். சில நிறுவனங்கள் தொலைபேசியில் கேட்டால் ஓரிரு நாள் பிடித்தும் வைக்கும். அடுத்து, கார்டில் உள்ள பெயரும் மைல் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவும். இனிஷியலை ஒன்றில் விரித்தும் மற்றதில் சுருக்கியும் எழுதியிருந்தால் மாற்றம் நடுவழியில் நின்றுவிடலாம். சரியாவதற்குள் இருக்கை போய்விடும். மாற்றம் சில இடங்களுக்கு நிமிடத்தில் முடியும், சிலவற்றுக்கு நாள் கணக்கில் ஆகும். இணைப்பை முன்கூட்டியே செய்துவைத்து, தேவையான அளவை மட்டும் அனுப்பினால் போதும்.

கோ-பிராண்ட் கார்டையும் ஒரேயடியாக ஒதுக்க முடியாது. வருடத்தில் நான்கைந்து முறை அதே நிறுவனத்தில் பெட்டியோடு பறப்பவருக்கு, பெட்டிக்குக் கட்டணம் இல்லை என்ற கார்டின் சலுகையே ஆண்டுக் கட்டணத்தை ஈடுகட்டிவிடும். அப்படியானால் கார்டை வைத்துக்கொள்ளலாம், செலவை மட்டும் பாயின்ட் கார்டில் போடலாம்.

ஹோட்டல் பக்கம் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். தேதிக்குத் தேதி மதிப்பு மாறுகிறது. மாரியட் ஹோட்டல்களில் அதன் பாயின்ட் கொடுத்து ஐந்து இரவு தங்கினால் ஒன்று இலவசம் என்பது நிச்சயம் லாபம். அதே பாயின்ட்டை விமான மைலாக்கினால் பெரும்பாலும் மூன்றுக்கு ஒன்றுதான். 60,000-ஆக அனுப்பினால் பல நிறுவனங்களில் 5,000 மைல் கூடுதலாக, அதாவது 25,000 கிடைக்கும். அதற்குக் குறைவாகத் துண்டு துண்டாக அனுப்பினால் அதுவும் இல்லை.

கார்டை மூடும் எண்ணம் இருந்தால் ஒன்று: கோ-பிராண்டில் மைல் ஏற்கெனவே விமானக் கணக்கில் இருப்பதால் பொதுவாகப் பயமில்லை. வங்கிப் பாயின்ட் பெரும்பாலும் கார்டோடு சேர்ந்து போய்விடும். அந்த ஒரு சமயத்தில் மட்டும், இருக்கை கிடைக்காவிட்டாலும் முன்பே மாற்றிவிடுவதுதான் சரி.