ஹெர்மியாஸ், அப்பெல்லஸ், சொசிபியஸ்: யாருடைய நாற்காலி உறுதி?

கி.மு. 223க்கும் 221க்கும் இடையில் மூன்று கிரேக்க அரசுகளிலும் இளைஞர்கள் அரியணை ஏறினார்கள்: செலூக்கிய அரசில் மூன்றாம் அந்தியோகஸ், மாசிடோனியாவில் ஐந்தாம் பிலிப், எகிப்தில் நான்காம் தாலமி. மூவர் பக்கத்திலும் பழம் தின்று கொட்டை போட்ட ஓர் அதிகாரி.

பட்டத்தை மட்டும் பார்த்தால் அந்தியோகஸின் அதிகாரி ஹெர்மியாஸ்தான் பெரியவர். 'எபி டோன் பிராக்மாட்டோன்' என்பது அவர் பதவி. ஆட்சிக் காரியம் அத்தனைக்கும் மேலாளர், திவான் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அபமேயாவில் சம்பள பாக்கிக்காகப் படைவீரர்கள் கொந்தளித்தபோது, முழுப் பாக்கியையும் நானே தீர்க்கிறேன் என்றார். ஒரே நிபந்தனை, தளபதி எபிகெனஸ் படையோடு வரக் கூடாது. கையில் காசில்லாத மன்னர் என்ன செய்வார்? சம்மதித்தார். அப்புறம், கலகக்காரன் மோலோன் எழுதியதாக ஒரு போலிக் கடிதத்தை எபிகெனஸின் காகிதங்களுக்குள் செருகி, ஆளையே தீர்த்துக்கட்டினார் ஹெர்மியாஸ். ஆனால் 220இல் அரண்மனை வைத்தியர் அப்பொலோபனஸ் மன்னரின் காதில் ஓதிவிட்டார். தலைசுற்றல் என்று நடித்த மன்னர் விடியற்காலையில் உலாவப் போனார். கூடப் போன ஹெர்மியாஸ் திரும்பவில்லை.

மாசிடோனியாவில் அப்பெல்லஸ், முந்தைய மன்னரின் உயில் நியமித்த காப்பாளர்களில் ஒருவர். பெல்டாஸ்ட் என்ற இலகு கேடயக் காலாட்படையின் தலைவர் லியோந்தியஸும் தலைமைச் செயலர் மெகலியாஸும் அவர் கூட்டாளிகள். வாளும் எழுதுகோலும் ஒரே கையில் என்றுதான் தோன்றும். 218இல் கொரிந்துக்கு வந்தவரைப் படையதிகாரிகள் கூட்டமாக எதிர்கொண்டு அழைத்தார்கள். நேராக மன்னர் விடுதிக்குப் போனார். மன்னருக்கு இப்போது நேரமில்லை என்று வாயிற்காவலன் தடுத்தான். அவ்வளவுதான், கூட்டம் ஒவ்வொருவராக நழுவியது. வீட்டுக்குப் போகும்போது தன் வேலையாட்கள் மட்டுமே கூட. அதே ஆண்டில் அவர், கூட்டாளிகள் இருவர் என மூவர் கதையும் முடிந்தது.

என் ஓட்டு எகிப்தின் சொசிபியஸுக்கு. நல்லவர் என்பதால் அல்ல. மன்னரின் தாயையும் தம்பியையும் ஒழித்ததில் அவருக்குப் பங்குண்டு. தாலமிக்கு ஆட்சியில் அக்கறை குறைவு, அதுவே இவருக்கு வசதி. அந்தியோகஸ் படையெடுத்தபோது, மெம்பிஸில் அவர் தூதர்களோடு சமாதானம் பேசிக்கொண்டே, அலெக்சாண்டிரியாவில் ரகசியமாகப் படை திரட்டினார். 20,000 எகிப்தியருக்கு மாசிடோனியப் பாணியில் நீள் ஈட்டி பழக்கி, 217இல் ரஃபியாவில் அந்தியோகஸுக்கு எதிரான போரில் அவர்களைத் தானே நடத்தினார். வென்றார்கள்.

தாலமி இறந்தபோதும் சொசிபியஸ் பதவியில்தான் இருந்தார். இறந்த மன்னரின் செல்லப்பிள்ளையான அகதோக்ளிஸோடு சேர்ந்து, குட்டி மன்னனுக்குத் தங்களைக் காப்பாளராக்கும் போலி உயிலை வாசித்தார். அரசர், அரசி அஸ்தி என்று இரண்டு வெள்ளிக் கலசங்களைக் காட்டினார்கள். அரசியின் கலசத்தில் இருந்தது வாசனைப் பொருள்.