ஞாயிற்றுச் சந்தையில் கண்ணாடி மணி விற்பவர்கள் விற்பனைத் தாளை நிரப்பும் முன் இதைப் படியுங்கள்

சென்னையின் தென்புறநகர் ஒன்றில் ஞாயிறுதோறும் காலையில் கூடும் இயற்கை விளைபொருள் சந்தையில் எட்டு வாரம் கடை போட்டுவிட்டு வெளியேறியவள் நான். கீரை, நாட்டுக் காய்கறி, செக்கு எண்ணெய், சிறுதானிய மாவு விற்போருக்கு நடுவே கைவினைப் பொருள்களுக்கென்று ஆறு மேசைகளை ஒதுக்கியிருந்தார்கள். அவற்றில் ஒன்றில், வீட்டில் நானே செய்யும் கண்ணாடி மணிகளையும் அவற்றைக் கோத்த காதணி, கழுத்தணிகளையும் விற்றேன். கொடுக்கல் வாங்கல் இன்னும் தீராததால் சந்தையின் பெயரையும் அமைப்பாளரின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

என் வேலை முறையைச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். டார்ச் சுடரில் கண்ணாடிக் கோலை உருக்கி, களிமண் கலவை பூசிய மெல்லிய எஃகுக் கம்பியின் மேல் சுற்றி மணியை உருவாக்குகிறேன். சாதாரண உருண்டைக்குப் பத்து நிமிடமும், உள்ளே பூ வைத்ததற்கு முப்பது நிமிடமும் ஆகும். சூடு தணியும் முன்பே அதைச் சூளையில் வைத்து, ஏறக்குறைய 510 டிகிரி செல்சியஸில் நிறுத்தி, பிறகு பல மணி நேரம் மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு ஆறவிட்டால் கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடும். அந்த மணி அடுத்த வாரமோ அடுத்த வருடமோ, யாரும் தொடாமலே விரிசல் விடும். ஒரு ஜோடிக் காதணிக்கு 450 ரூபாய் கேட்பதற்கு இதுதான் காரணம்.

சேரும்போது அமைப்பாளர் தொலைபேசியில் இரண்டு உறுதிகளைக் கொடுத்தார். சொந்தமாகச் செய்தவற்றை மட்டுமே விற்கலாம், ஒரு கைவினைக்கு ஒரு மேசைதான் என்பவையே அவை. வாரம் 1,200 ரூபாய் வீதம் பன்னிரண்டு வாரத்துக்கு 14,400 ரூபாயும், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகையாக 5,000 ரூபாயும் அவர் தந்த எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பினேன். இவை போக விற்பனையில் பத்து விழுக்காடு கழிவு உண்டு. விதிமுறைகளை எழுதித் தருமாறு நான் கேட்கவில்லை; இந்தக் கதையில் என்னுடைய பிழை என்று ஒன்று இருக்குமானால் அது அதுதான்.

கழிவைக் கணக்கிடுவதற்கென்று ஒவ்வொரு வாரமும் ஒரு தாள் தந்தார்கள். மொத்த விற்பனையை மட்டும் எழுதினால் போதாதாம். எந்த வடிவம், எந்த நிறம், எத்தனை, என்ன விலை என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டம், வாடிக்கையாளர் கேட்டும் கையிருப்பில் இல்லாத பொருளுக்கானது. பக்கத்தில் தேன் விற்ற பெரியவர் தம் தாளில் ஒரே ஒரு தொகையை எழுதிக் கொடுப்பதையும் அதை மறு பேச்சின்றி வாங்கிக்கொள்வதையும் பார்த்தேன்; அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சந்தையை ஒழுங்காக நடத்துகிறார்கள் என்று எண்ணி, ஐந்து வாரமும் அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தேன். ஐந்தாம் வாரம் விளம்பரத்துக்கு என்று சொல்லி, என் மேசையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைய விற்பனை 7,200 ரூபாய்.

ஆறாம் வாரம் நுழைவாயிலை ஒட்டி ஏழாவதாக ஒரு மேசை முளைத்தது. என்னிடம் அதிகம் விற்ற கடல்நீலத் துளி வடிவம், வெள்ளைப் புள்ளியிட்ட கருமணி, பூ வைத்த பச்சை உருண்டை ஆகிய மூன்றும் அங்கே ஜோடி 150 ரூபாய்க்குக் கிடைத்தன. என் அட்டையைப் போன்றே பழுப்பு அட்டையில் ‘எங்கள் வீட்டில் கையால் செய்தது’ என்று அச்சிட்டிருந்தார்கள். நான் கடைசி வரிசைக்கு, குடிநீர்த் தொட்டியின் பக்கம் மாற்றப்பட்டேன்.

அந்த மணிகள் மட்டமானவை என்று நான் சொல்ல வரவில்லை. உத்தரப் பிரதேசத்தின் புர்தில்நகரில் குடும்பம் குடும்பமாகச் சுடர் முன் அமர்ந்து மணி செய்கிறார்கள். அங்கிருந்து வருபவை நம் ஊர் மொத்தக் கடைகளில் சரம் சரமாகக் கிடைக்கின்றன. அவர்களின் உழைப்பும் கை உழைப்புதான். அதை வாங்கி வந்து தன் வீட்டில் செய்ததாகச் சொல்வதுதான் ஏமாற்று. அதில் அவர்களுக்கும் பெயர் இல்லை, எனக்கும் பிழைப்பு இல்லை. மேசையில் இருந்தவற்றில் சில அச்சில் வார்த்தவை என்பது, நடுவில் ஓடிய மெல்லிய தையல் கோட்டைத் தடவிப் பார்த்தபோது தெரிந்தது.

ஏழாம் வாரம் ஒரு வாடிக்கையாளர் விரிசல் விட்ட காதணியுடன் என்னிடம் வந்து, “ஏம்மா, போன வாரம் வாங்கினது, இப்படியா செய்து தருவீங்க?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அது என்னுடையது அல்ல. மணியின் துளையையும் முனைகளையும் காட்டி விளக்கியும் அவர் நம்பவில்லை. பணம் செலுத்திய பதிவைக் கைப்பேசியில் எடுத்து நீட்டினார். பணம் பெற்றவரின் பெயரைப் பார்த்தபோதுதான் எல்லாம் விளங்கியது. என் முன்பணமும் வைப்புத்தொகையும் போய்ச் சேர்ந்த அதே பெயர் அங்கே இருந்தது. ஏழாவது மேசை அமைப்பாளரின் சொந்த மேசை.

கேட்டதற்கு, “போட்டி இருந்தால்தான் கூட்டம் வரும், மேடம்” என்றார். ஒரு கைவினைக்கு ஒரு மேசை என்று சொன்னதை நினைவூட்டினேன். அப்படி எங்கேயும் எழுதவில்லையே என்றார். எட்டாம் வாரம் 1,350 ரூபாய்க்கு மட்டுமே விற்றதால் விலகுவதாகத் தெரிவித்தேன்; அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்பட்டேன். மீதி நான்கு வார வாடகை 4,800 ரூபாயும் வைப்புத்தொகை 5,000 ரூபாயும் சேர்ந்து 9,800 ரூபாய் வர வேண்டும். மேசைச் சேதம் என்று 1,500 ரூபாயைக் கழித்துக்கொண்டு, வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் 3,500 ரூபாயை அனுப்பினார்கள். மீதி 6,300 ரூபாய்க்கு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை.

1999இல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியபோது, இடைத்தரகர் நுழையாமல் இருக்க விவசாயிகளுக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். விளைவித்தவரே விற்கிறார் என்பதற்கு அங்கே அதுவாவது ஒரு சான்று. தனியார் நடத்தும் இந்த வார இறுதிச் சந்தைகளில் அமைப்பாளரின் வாய்ச்சொல்லைத் தவிர எதுவும் இல்லை. அமைப்பாளரே வியாபாரியாகவும் இருந்தால் அந்தச் சொல்லும் இல்லை.

ஆகவே பணம் அனுப்பும் முன் விதிகளை ஒரு மின்னஞ்சலாகவாவது பெறுங்கள். அமைப்பாளரோ அவர் உறவினரோ அங்கே கடை வைத்திருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். பன்னிரண்டு வாரம் முன்பணம் கேட்டால் இரண்டு வாரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேசையைக் காலையில் வாங்கும்போதும் மாலையில் ஒப்படைக்கும்போதும் படம் எடுத்து வையுங்கள். நான் எடுத்திருந்தால் அந்த 1,500 ரூபாய் போயிருக்காது. கழிவுக்கு மொத்தத் தொகை மட்டும் போதும்; வடிவம், நிறம், விலை என்று பிரித்துக் கேட்கும் தாளை நிரப்பாதீர்கள்.

சென்ற ஞாயிறு அங்கே கீரை வாங்கப் போன தோழி ஒருத்தி ஏழாவது மேசையைப் படம் எடுத்து அனுப்பினாள். முன்வரிசையில் தேன் நிறத்தில் நீள் உருளை மணித் தொங்கட்டான்கள் இருந்தன. அதை நான் ஒருபோதும் செய்ததில்லை. ஐந்தாம் வாரத் தாளின் கடைசிக் கட்டத்தில், மூன்று பேர் கேட்டார்கள் என்று எழுதி மட்டும் கொடுத்திருந்தேன்.