மெய்நிகர் கருவியும் கற்பனை நடையும்: ஓராண்டுக்கு மேலான என் அனுபவம்

முதுமையில் தள்ளாட்டம் குறைய, தலையில் மாட்டினால் கணினிக் காட்சியை மட்டும் கண்ணுக்குக் காட்டும் மெய்நிகர் (VR) கருவி உதவுமா, நாற்காலியில் அமர்ந்தபடி நடப்பதாகக் கற்பனை செய்தால் கால் உறுதிப்படுமா என்று என் வயதுப் பெண்கள் பலர் கேட்கிறார்கள். எனக்கு எழுபது நெருங்குகிறது. ஓராண்டுக்கும் மேலாக இரண்டையும் விடாமல் செய்துவருகிறேன். இரண்டிலும் பலன் உண்டு. ஆனால் விலை கொடுத்து வாங்கிய கருவியைவிட, காசு செலவில்லாத கற்பனைப் பயிற்சியின் பலனைத்தான் அன்றாட நடையில் அதிகம் காண்கிறேன்.

நாம் விழாமல் நிற்கக் கண், உட்காது, பாதமும் மூட்டுகளும் என மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. வயதாக ஆக மூன்றுமே மங்குகின்றன. பாதத்தின் உணர்வு குறையக் குறைய நாம் கண்ணையே அதிகம் நம்பத் தொடங்குகிறோம். இரவில் மின்சாரம் போனாலோ, முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினாலோ உடம்பு ஆடுவது இதனால்தான். தலையில் மாட்டும் கருவி, கண்ணுக்குப் போகும் செய்தி முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

என்னிடம் இருப்பது ஏறக்குறைய அரைக் கிலோ எடை. பாரம் முழுவதும் முகத்தின் பக்கம் இருப்பதால் கால் மணி நேரத்துக்கு மேல் கழுத்து தாங்குவதில்லை. மூக்குக் கண்ணாடிக்கு இடம் விடும் வளையம் உண்டு. எதிரே வரும் பந்துகளைப் பக்கவாட்டில் சாய்ந்து தட்டும் விளையாட்டு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவதைப் பயம் இல்லாமல் பழக அதுவே நல்ல வழி. நான் அசையாமல் நிற்க, காட்சி மட்டும் நகரும் விளையாட்டுகளில் குமட்டல் வந்துவிடுகிறது. ஓடுவதாகக் கண் சொல்கிறது, நிற்பதாக உட்காது சொல்கிறது. அந்த முரண்பாட்டை வயிறு தாங்குவதில்லை. அந்த வகையை நான் தொடுவதே இல்லை.

விளையாடக் குறித்துவைத்த இடத்தின் எல்லையை நெருங்கினால் கருவி கோடு போட்டு எச்சரிக்கும். அது போதாது. விழப்போகும் நொடியில் எட்டிப் பிடிக்கச் சுவர் எங்கே, நாற்காலி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. மருமகள் பின்னால் நிற்காமல் நான் அதை மாட்டுவதில்லை. "அத்தை, இடது பக்கம் அதிகம் சாய்கிறீர்கள்" என்று அவள் சொன்ன பிறகுதான் வலது காலில் பாரம் ஏற்றத் தயங்குகிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

இந்தத் துறையில் என்னை நம்பவைத்தது, 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. ஐந்து நாடுகளில் 60 முதல் 90 வயது வரையிலான 302 பேர். எல்லோரும் ஏற்கெனவே விழுந்து எழுந்தவர்கள். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று முறை டிரெட்மில் நடை. ஒரு பிரிவினருக்கு மட்டும் எதிரே திரையில் அவர்களுடைய பாதமும், தாண்ட வேண்டிய தடைகளும், பிரிந்து செல்லும் பாதைகளும் தெரிந்தன. ஆறு மாதத்தில் ஒருவர் சராசரியாக விழும் எண்ணிக்கை அந்தப் பிரிவில் 11.9இலிருந்து 6ஆகக் குறைந்தது. வெறும் டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கு 10.7இலிருந்து 8.27. அங்கே கண்ணை மூடும் கருவி இல்லை, திரைதான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். வாங்க நினைக்கும் முதியவர்களுக்கு நானும் தொலைக்காட்சித் திரையோடு இணையும் வகையையே முதலில் சொல்வேன்.

இனி கற்பனைப் பயிற்சி. 1992இல் அமெரிக்காவின் அயோவாவில் நடந்த ஒரு சோதனையில், சுண்டுவிரலை விரிப்பதாக மனத்தில் மட்டும் பழகியவர்களுக்கு விரலின் வலிமை 22 விழுக்காடு கூடியது. உண்மையில் பழகியவர்களுக்கு 30. தசை அசையாமலே மூளை கற்றுக்கொள்கிறது. என் பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே சொன்னார்: "அம்மா, நீங்கள் நடப்பதைப் படம் போலப் பார்க்காதீர்கள். குதிகால் தரையில் படுவதையும் எடை விரல்களுக்கு நகர்வதையும் உணருங்கள்." இந்த வேறுபாடு பிடிபடவே எனக்குச் சில வாரங்கள் ஆயின.

சரியாகச் செய்கிறோமா என்று சோதிக்க எளிய வழி உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு உட்கார்ந்தபடியே அதை மனத்தில் நடந்து பாருங்கள். இரண்டு நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முதியவர்களுக்குக் கற்பனை நடை சீக்கிரம் முடிந்துவிடுவதுதான் வழக்கம். எனக்கும் அப்படித்தான். எந்த இடத்தில் நேரம் குறைகிறது என்று உற்றுக் கவனித்தபோது, திரும்பும் இடத்தை என் மனம் தாவிக் கடப்பது தெரிந்தது. நேரில் நான் தடுமாறுவதும் திரும்பும்போதுதான்! அதிலிருந்து திரும்புவதை மட்டும் மெதுவாக, அடி அடியாக மனத்தில் செய்கிறேன். உடனே எழுந்து நேரிலும் செய்கிறேன். இப்போது சாலையைக் கடக்கும்போது தலையைத் திருப்பிப் பார்த்தாலும் கால் பின்னுவதில்லை. குளியலறைப் படி, பஸ்ஸின் கடைசிப் படி என்று இடம் மாற்றி மாற்றிப் பழகுகிறேன். முழங்கால் வீங்கி ஓய்வில் இருந்த நாட்களில் எனக்கு இருந்த பயிற்சி இது ஒன்றுதான்.

இரண்டுமே கால் வலிமைக்கு மாற்று இல்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, குதிகாலை உயர்த்துவது, சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை வைத்து நிற்பது ஆகியவற்றை நாள்தோறும் செய்கிறேன். அவற்றை விட்டுவிட்டுக் கருவி வாங்குவது வீண் செலவு.

அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கருவியைத் தொட வேண்டாம். அண்மையில் விழுந்தவர்கள் முதலில் காரணத்தைக் கண்டறியுங்கள். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவதும், சில மாத்திரைகளும்கூட விழவைக்கும். வாங்கும் முன் எங்காவது உங்கள் மூக்குக் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள். கழற்றியதும் எழுந்து நடக்காமல் சிறிது நேரம் உட்கார்ந்திருங்கள். அந்தச் சில நிமிடங்களில் தரை லேசாக ஆடுவது போல எனக்கு இன்றும் இருக்கிறது.